ஒரே ஊரில் ஏன் இரண்டு ஆரம்பப் பள்ளி? சேலத்துப் பள்ளிகளும் நூறு வருஷ அரசியலும்

சேலத்தைச் சுற்றியுள்ள பல கிராமங்களில் இதைப் பார்க்கலாம். ஊருக்குள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று இருக்கும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ரோட்டுக்கு அந்தப் பக்கமோ ஏரிக்கரைக்குக் கீழேயோ, அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்று இருக்கும். இரண்டும் அரசுப் பள்ளி, ஒரே பாடப்புத்தகம், ஒரே சீருடை, ஒரே சத்துணவு, பல இடங்களில் இரண்டிலும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஆனாலும் இரண்டு பள்ளி. ஏற்காட்டுக்கு ஏறினால் மூன்றாவது வகை ஒன்று வரும்: அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. அதே மலையில், வெள்ளைக்காரப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கி இன்று நாடு முழுக்கப் பெயர் வாங்கிய போர்டிங் பள்ளிகளும் இருக்கின்றன.

இது எப்படி வந்தது என்று கேட்டால் பலரும் "அந்தக் காலத்துத் தீண்டாமை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. தனித்தனியாக உட்கார வைத்த வழக்கம் சட்டத்தில் ஒழிந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் பள்ளிக் கட்டடம் எந்த இடத்தில் நிற்கிறது, வாத்தியாருக்குச் சம்பளம் எந்தத் துறை போடுகிறது என்ற இரண்டு விஷயத்தில் மட்டும் அந்தப் பழைய பிரிவு அசையாமல் தங்கிவிட்டது. ஆட்சி மாறியபோதெல்லாம் பெயரை மாற்றினார்கள், சாப்பாடு போட்டார்கள், புத்தகம் கொடுத்தார்கள், இதெல்லாம் பெரிய விஷயம்தான், ஆனால் இடத்தையும் துறையையும் யாரும் தொடவில்லை.

முதலில் இடத்தைப் பற்றி. பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது பெயருக்கேற்ப யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடந்தது. திண்ணை வைத்த வீடு யாருடையது, எந்தத் தெருவில் இருந்தது என்று யோசித்தால் யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும். பிரிட்டிஷ் ஆட்சியில் 1871க்கு அப்புறம் உள்ளூர் வரிப் பணத்திலிருந்து பள்ளிகளுக்குச் செலவு செய்யத் தொடங்கியபோதும் புதிதாகக் கட்டடம் கட்டியது குறைவு. ஊர்ச் சாவடி, கோயில் மண்டபம், அக்ரகாரத்து வீடு என்று இருக்கிற இடத்தில் பள்ளியை வைத்தார்கள். பள்ளி எல்லோருக்கும் பொது என்று காகிதத்தில் இருந்தது. ஆனால் சாவடி வாசலை மிதிக்க முடியாத பிள்ளை சாவடிக்குள் நடக்கிற பள்ளிக்கு எப்படி வரும்? யாரும் வாய்விட்டு "வராதே" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. தடை அந்த இடத்திலேயே இருந்தது.

1827இல் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு சேலத்துக்கு வந்தது. மிஷன் பள்ளிகள் கதவைத் திறந்தன என்பது உண்மை, அதற்கான மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அங்கேயும் சண்டை இருந்தது. சேரிப் பிள்ளையைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொள்வது மாகாணம் முழுக்க நடந்தது. அரசு மானியம் வருகைப் பதிவையும் தேர்ச்சியையும் பார்த்துக் கொடுக்கப்பட்ட காலத்தில், நாற்பது பிள்ளையை இழந்து நான்கு பிள்ளையைச் சேர்ப்பதா என்று பள்ளி நடத்துகிறவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் தோற்றது எப்போதும் அந்த நான்கு பிள்ளைகள்தான்.

அப்படியானால் தனியாகவே கட்டிக்கொள்வோம் என்ற முடிவு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. சென்னையில் 1894இல் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் தரப்பின் முயற்சியும் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட்டின் உதவியும் சேர்ந்து அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம், 1893இல், சென்னை அரசாங்கம் ஒடுக்கப்பட்டோர் கல்விக்கென்று தனி ஆணை போட்டு, அவர்களுக்கான பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம் என்று ஏற்பாடு செய்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த நிலம் எங்கே கிடைக்கும்? சேரிக்குப் பக்கத்தில்தான். இன்றைக்கு நாம் பார்க்கிற வரைபடத்தின் முதல் கோடு அங்கே விழுந்தது.

இரண்டாவது கோடு 1920இல் விழுந்தது. சென்னை மாகாணத்தில் லேபர் கமிஷனர் என்ற பதவி வந்தது. பெயரைப் பார்த்தால் ஆலைத் தொழிலாளர் சமாசாரம் மாதிரி தெரியும், ஆனால் அவருடைய முக்கியமான வேலை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை வாங்கித் தருவது, கிணறு வெட்டுவது, பாதை போடுவது, பள்ளி திறப்பது. அப்படித் திறந்த பள்ளிகளுக்குத்தான் லேபர் ஸ்கூல் என்று பெயர். பழைய ஆட்கள் இன்றைக்கும் சில ஊர்களில் அந்தப் பள்ளியை அப்படியே சொல்வார்கள். அதே வருஷம் ஆரம்பக் கல்விச் சட்டமும் வந்தது, ஜில்லா போர்டு, தாலுகா போர்டு பள்ளிகள் பெருகின. அதாவது ஒரே நேரத்தில், ஒரே அரசாங்கத்தின் பணத்தில், இரண்டு துறை இரண்டு வகைப் பள்ளியை வளர்த்தது: ஊருக்கு போர்டு ஸ்கூல், சேரிக்கு லேபர் ஸ்கூல்.

நீதிக்கட்சி ஆட்சி இதை அப்படியே விட்டுவிடவில்லை. 1922இல் தலித் தலைவர் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, பழைய இழிபெயர்களை விட்டு ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசாங்கம் ஏற்றது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லோருக்கும் திறந்தது என்று அரசு அறிவித்தது. பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றச் சொல்லியும், சேர்க்க மறுக்கும் பள்ளிகளின் மானியத்தில் கை வைப்போம் என்றும் சுற்றறிக்கைகள் போயின. ஆனால் சுற்றறிக்கையை நிறைவேற்ற வேண்டிய தாலுகா போர்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அந்தந்த ஊர்ப் பெரிய நிலக்காரர்கள். எந்தப் பிள்ளை பக்கத்தில் உட்காரக்கூடாது என்று வீட்டில் நினைத்தாரோ, அவரே போர்டு மெம்பர்.

லேபர் பள்ளிகளை வெறும் ஒதுக்குப்புறப் பள்ளி என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. தனிப் பள்ளி இல்லாவிட்டால் பள்ளியே இல்லை என்ற நிலையில், அங்கேதான் ஒரு தலைமுறை அ, ஆ எழுதியது. ஸ்லேட்டைத் தொடாமல் தூக்கிப் போடுகிற வாத்தியார் அங்கே இல்லை. தங்கள் சமூகத்திலிருந்தே ஒருவர் மாதச் சம்பளம் வாங்கும் வாத்தியாராக சைக்கிளில் வந்து இறங்குவதை அந்தப் பிள்ளைகள் முதல்முறையாக அங்கேதான் பார்த்தார்கள். சேலம், ராசிபுரம், ஓமலூர் பக்கத்து எத்தனையோ குடும்பங்களில் முதல் அரசு வேலை, முதல் டிகிரி என்று பின்னோக்கிப் போனால் ஒரு லேபர் ஸ்கூலில்தான் போய் நிற்கும். பிரித்து வைத்ததும் அதுதான், தூக்கிவிட்டதும் அதுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இரண்டு வகைப் பள்ளியையும் ஒரே துறைக்குள் இணைப்பது பற்றிய இன்றைய விவாதத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது.

இனி சேலத்து அரசியல். ஆரம்பக் கல்வியைப் பற்றிய பெரிய சண்டைகளில் இந்த மாவட்டத்துக்காரர்கள் பெயர் வந்துகொண்டே இருக்கும். அப்போதைய சேலம் மாவட்டம் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்தது. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்து சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்ததும் அவர் முயற்சியில்தான். 1926 முதல் 1930 வரை மாகாண முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தார். 1937இல் ராஜாஜி மாகாணப் பிரதமராக (முதலமைச்சர் பதவிக்கு அப்போது அந்தப் பெயர்) வந்தபோது அந்த சுப்பராயன்தான் கல்வி அமைச்சர். 1938இல் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. பொதுக் கிணற்றிலும் சாலையிலும் அரசுப் பணத்தில் நடக்கும் இடங்களிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு கட்டாய இந்தியும் வந்து, அந்தப் போராட்டச் சத்தத்தில் மற்ற எல்லாமே அமுங்கிப் போனது. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் சேலத்து மாநாட்டில்தான்.

அரசியல் சட்டம் 1950இல் தீண்டாமையை ஒழித்தது. அப்போது லேபர் பள்ளிகளையும் போர்டு பள்ளிகளையும் ஒன்றாக்கிவிட நல்ல சந்தர்ப்பம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷமே லேபர் துறையின் இந்தப் பகுதி அரிஜன நலத் துறை ஆனது, பள்ளிகள் அரிஜன நலப் பள்ளிகள் ஆயின, பிறகு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயின. மூன்று பெயர், அதே கட்டடம், அதே தெருப் பிள்ளைகள்.

1953இல் வந்தது ராஜாஜியின் மாற்றுக் கல்வித் திட்டம். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு, காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம். மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பனோடு இருந்து தொழில் பழக வேண்டும். இருக்கிற வாத்தியாரையும் கட்டடத்தையும் வைத்து இரண்டு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசாங்கம் சொன்ன காரணம், பணம் இல்லாத அரசாங்கத்துக்கு அது நிஜமான கவலைதான். ஆனால் இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கத்து நெசவு வீடுகளை நினைத்துப் பாருங்கள். அங்கே பிள்ளை ஏற்கெனவே தார் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றுதான் அதைத் தறிக்குழியிலிருந்து வெளியே இழுத்த கயிறு, அந்தக் கயிற்றைப் பாதியாக அறுத்தால் பிள்ளை தறிக்கே போய்விடும். தோல் வேலை, துப்புரவு வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு "அப்பன் தொழிலைப் பழகு" என்பது என்ன அர்த்தம் கொடுத்திருக்கும் என்று சொல்லவே வேண்டியதில்லை. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயரே நிலைத்தது. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனையாக இதை வைத்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

காமராஜர் காலம் இந்தக் கதையில் பெரிய திருப்பம். நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருக்க, பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி போனது. 1956இல் மதிய உணவு வந்தது. பசிக்காகப் பிள்ளை பள்ளிக்கு வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பாடத்தில் பக்கத்தில் உட்கார்வதை விட, ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிடுவதுதான் சாதி ஆசாரத்தை நேராக இடித்தது. இந்த ஊர்களில் அப்போது பந்தியில் உட்கார மறுத்து வீட்டுக்கு ஓடிய பிள்ளைகளும் உண்டு, வீட்டில் சொல்லாமல் சாப்பிட்ட பிள்ளைகளும் உண்டு. எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார், 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது, 2022இல் ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவு வந்தது. சோறு விஷயத்தில் எந்த ஆட்சியும் முந்தைய ஆட்சி போட்டதைப் பிடுங்கவில்லை, சேர்த்துக்கொண்டே போனது. தமிழ்நாட்டு அரசியலில் எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிற விஷயம் இது.

ஆனால் நிர்வாகத்தில் பிளவு கெட்டிப்பட்டதும் இதே காலத்தில்தான். ஜில்லா போர்டு கலைக்கப்பட்டு ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன, போர்டு பள்ளிகள் ஒன்றியப் பள்ளிகள் ஆயின, 1981இல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள், எல்லாம் கல்வித் துறையின் கீழ் ஒரே சங்கிலியாக வந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த நலப் பள்ளி அந்தச் சங்கிலியில் இல்லை. ஒன்றியப் பள்ளியை வட்டாரக் கல்வி அலுவலர் வந்து பார்ப்பார், நலப் பள்ளிக்குப் பொறுப்பு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர், அவருக்கு விடுதி, பட்டா, உதவித்தொகை, மயானப் பாதை என்று நூறு வேலை, அதில் பள்ளி ஒன்று. ஆசிரியர் மாறுதல் தனி, கட்டடப் பணம் தனி. சுவர் விரிசல் விட்டால் தாட்கோ என்கிற ஆதிதிராவிடர் வீட்டுவசதிக் கழகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாநிலம் முழுக்க இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலப் பள்ளிகள். சட்டப்படி அதில் எந்தப் பிள்ளையும் சேரலாம். ஆனால் ஊர்ப் பிள்ளையை அங்கே சேர்க்கிற வீடு எத்தனை?

பொதுப் பள்ளிக்குள் வந்த பிள்ளைக்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1995இல் சேலம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், பள்ளியில் மற்றவர்களுக்கென்று வைத்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக ஆசிரியர் அடித்து, ஒரு தலித் சிறுமியின் ஒரு கண் பார்வை போனது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளை அது. அரசியல் சட்டம் வந்து 45 வருஷம், தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து 40 வருஷம், அதற்கப்புறமும் வகுப்பில் இரண்டு பானை. திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசிப் பக்கம், 2018இல் ஒரு தலித் சமையலர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். மதிய உணவு சமைக்கும் வேலையில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லியிருந்தது. இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் "இன்னுமா இப்படி" என்று ஆச்சரியப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகள் படிக்கிற கட்டடத்தையே இரண்டாக வைத்திருக்கிற ஊரில் பானை இரண்டாக இருந்ததில் என்ன ஆச்சரியம்?

சரி, மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையில் கதை வேறு மாதிரி. கலெக்டர் காக்பர்ன் 1820களில் காப்பி கொண்டுவந்த பிறகு எஸ்டேட்டுகள் வந்தன, அதோடு மூன்று வகை மனிதர்கள் ஒரே மலையில் சேர்ந்தார்கள்: வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள், சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று நாடு பிரித்துப் பட்டக்காரர்களோடு முன்பிருந்தே வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் அல்ல), சமவெளியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். பிள்ளைகளின் படிப்பும் மூன்றாகப் பிரிந்தது. குளிர் மலை என்பதால் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு போர்டிங் பள்ளிகள் வந்தன. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் அந்த வழியில் வந்ததுதான். ஐரோப்பியப் பள்ளிகளுக்கு அப்போது விதிமுறையே தனி. மலையாளிப் பிள்ளைகளுக்கு அந்த மலையில் பள்ளி என்பது நெடுங்காலம் கண்ணில் படாத பொருள்.

சுதந்திரத்துக்கு அப்புறம் இந்த மூன்றும் எப்படி மாறின என்று பார்த்தால் பல விஷயம் புரியும். ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்கு மானியம் தொடர வேண்டுமானால் வருஷத்துச் சேர்க்கையில் 40 சதவீதமாவது மற்ற சமூகத்தாருக்குத் திறக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே, 337ஆவது பிரிவில், நிபந்தனை போட்டது. அப்படித் திறந்த கதவு வழியாக உள்ளே போனது யார்? கட்டணம் கட்ட முடிந்த இந்தியக் குடும்பங்கள். நிற வேலி போய்ப் பண வேலி வந்தது. எஸ்டேட் கூலிகளின் பிள்ளைகளுக்கு 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் முதலாளி படிப்புக்கு வசதி செய்து தர அரசு விதி போடலாம் என்றது. ஏற்காட்டில் சின்னச் சின்ன எஸ்டேட் நிறைய, அந்த எண்ணிக்கைக்கு வராத தோட்டத்துப் பிள்ளைகள் விட்ட இடத்திலேயே நின்றார்கள். மலையாளிப் பிள்ளைகளுக்கு வந்தது உண்டு உறைவிடப் பள்ளி. காட்டுப் பாதையில் தினமும் நடக்க முடியாத ஊர்களுக்கு, தங்கிப் படிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதில் சந்தேகமில்லை. ஆனால் அதுவும் நலத் துறையின் கீழ். மாநிலத்தில் இப்படி முந்நூற்றுக்கும் மேல் பள்ளிகள். ஆறு வயதுப் பிள்ளை வீட்டை விட்டுத் தங்க வேண்டும், வாத்தியார் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து மாலை பஸ்ஸுக்கு இறங்கிவிடுவார், பஸ் வராத நாளில் வகுப்பும் இருக்காது. மலைக்கு மாறுதல் என்பதே ஆசிரியர்களிடையே தண்டனை மாதிரிப் பேசப்படுகிற வரைக்கும் இது மாறாது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதி இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். இரண்டுமே பழைய சேலம் மாவட்டத்தில் வருகிறது. அப்படியிருந்தும் இந்த மலைப் பள்ளிகளின் ஆசிரியர் காலியிடம் எத்தனை தேர்தலில் பேசுபொருளாகியிருக்கிறது?

இப்போது கடைசியாக விஷயம் கொஞ்சம் நகர ஆரம்பித்திருக்கிறது. 2023 பட்ஜெட்டில் ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சமூகத்துக்கென்று தொடங்கிய கள்ளர் சீரமைப்பு, பழங்குடியினர் பள்ளிகள் உட்படப் பல துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப் போவதாக அறிவித்தார்கள். நாங்குநேரியில் தலித் மாணவனைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அதையே வலியுறுத்தியது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்றது. நம் பக்கத்துக் கல்வராயன் மலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் அரசுப் பள்ளிப் பெயரில் பழங்குடியினர் என்ற சொல் எதற்கு என்று கேட்டது. 2025இல் காலனி என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார், விடுதிகள் சமூக நீதி விடுதிகள் ஆயின. பெயர் மாறுவதை நான் வரவேற்கிறேன், டி.சி.யிலேயே சாதியைத் தூக்கிக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் இணைப்புக்கு தலித் அமைப்புகளிடமிருந்தே எதிர்ப்பும் வந்தது. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நலப் பள்ளியின் நிலம், தலைமை ஆசிரியர் பதவி உயர்வு, அந்தத் துறைக்கென்று ஒதுக்கிய பணம் எல்லாம் இணைப்புக்குப் பிறகு எங்கே போகும்? எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பிள்ளைகள் குறைந்த இரண்டு பள்ளியை ஒன்றாக்கும்போது எந்தக் கட்டடம் மூடப்படும்? இதுவரை நூறு வருஷமாக இணைப்பு என்றாலே அந்தப் பக்கத்துப் பிள்ளை ரோட்டைக் கடந்து ஊருக்குள் வருவது என்றுதான் பொருள். நலப் பள்ளி வளாகம் பெரிதாக, கட்டடம் நன்றாக இருக்கிற ஊர்களில், ஊர்ப் பிள்ளைகள் அங்கே போகட்டும். ஒன்றியப் பள்ளியின் பெயரையும் வட்டாரக் கல்வி அலுவலரையும் அந்த வளாகத்துக்கு அனுப்பட்டும். இடம் பெரிதாக இருந்தும் ஊருக்குள் இருக்கிற பள்ளியைத்தான் வைத்துக்கொள்வோம் என்று ஒரு ஊர் அடம்பிடித்தால், அதற்கு என்ன காரணம் என்பதைக் கிராம சபையில் எழுத்தில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். மலையில் செய்ய வேண்டியது இன்னும் நேரடியானது: துறை மாறுகிற அன்றே ஆசிரியர் குடியிருப்புக்கும் பஸ்ஸுக்கும் பணம் ஒதுக்க வேண்டும், காலியிடத்தை முதலில் மலையாளி இளைஞர்களில் படித்து வேலைக்குக் காத்திருக்கிறவர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும்.